கெண்டி விளக்குக்கு இரண்டாம் சாட்சி

கார் முகப்பில் சிவப்பாக எரியும் அந்தச் சின்னத்தை நம் பாட்டிமார் பார்த்தால் கெண்டி என்றுதான் சொல்வார்கள். நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் ஒரு சொட்டு. அது எரிந்தால் "ஆயில் ஊற்றச் சொல்லுது" என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு சங்கதி: ஆயிலின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா. அதையாவது சரியாகச் சொல்கிறதா என்பதே இங்கே விசாரணை. அழுத்தம் அளக்கும் சென்சார் கெட்டுவிட்டதா, இன்ஜினே கெட்டுவிட்டதா? இதைப் பிரித்தறியப் பட்டறைகள் கையாளும் வழிகள் எவை, அவை எங்கே சறுக்குகின்றன?

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் சுழல் சரிவில். ஏறித் திரும்பும்போது விளக்கு ஒரு கணம் மினுக்கும். சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடும். காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஃபோர்மன் (கார் பழுதுபார்ப்பவரை இங்கே அப்படித்தான் அழைக்கிறோம்) ஆயில் சுவிட்சை மாற்றினார். அதே கையோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார். விளக்கு அடங்கியது. சுவிட்சுதான் குற்றவாளி என்று நானும் நம்பினேன். சில மாதங்களில் அதே சரிவில் அதே மினுக்கல். இரண்டாவதாகப் பார்த்த தமிழர் பானட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "அண்ணே, டிப்ஸ்டிக்கைக் கடைசியா எப்போ இழுத்துப் பாத்தீங்க?" பார்த்ததே இல்லை. குச்சியின் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சரிவில் ஏறித் திரும்பும்போது மிச்சமிருந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்திருக்கிறது. முதல் முறை நோயைத் தணித்தது புது ஆயில். பேர் வாங்கியது புது சுவிட்சு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அழுத்த சென்சார் என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும் ஒரு சாதாரண காரில் அந்தக் குடும்பத்தில் மூன்று பேராவது உண்டு. முதலாவது ஆயில் அழுத்தம் பார்ப்பது. பல கார்களில் இது வெறும் சுவிட்சு: ஒரு மெல்லிய சவ்வு, ஒரு சுருள்வில், இரண்டு தொடுமுனைகள். அழுத்தம் பொதுவாக 0.2 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால் தொடுமுனைகள் சேர்ந்து விளக்கு எரியும். புதிய கார்களில் அழுத்தத்தைத் தொடர்ச்சியாக வோல்ட்டாக மாற்றிச் சொல்லும் மூன்று கம்பி சென்சார் இருக்கலாம். இரண்டாவது, இன்டேக் மேனிஃபோல்டில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். பல கார்களில் இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை இதைக் கொண்டுதான் கம்ப்யூட்டர் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை அளந்து விடுகிறது. மூன்றாவது, எரிபொருள் ரெயிலின் சென்சார். நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் ஏறத்தாழ 200 பார், காமன் ரெயில் டீசலில் 1,600 முதல் 2,000 பார் என்று பயங்கரமான அழுத்தங்களோடு புழங்குவது இது.

முன்பெல்லாம் இப்படிச் சந்தேகப்பட வேண்டிய தேவை குறைவு. 1849-இல் பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன் வளைந்த குழாய் மானிக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், முள் நகரும், அவ்வளவுதான் தத்துவம். பழைய கார்கள் பலவற்றில் இன்ஜினிலிருந்து ஒரு நுண்குழாய் வழியாக ஆயிலே நேரடியாக முகப்பு வரை வந்து அந்த முள்ளைத் தள்ளியது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் பழைய ஃபோர்டு ஆலை வரும். 1941-இல் திறக்கப்பட்ட அது தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை. 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத் தெரியும். ஆனால் 1980 வரை அது கார் ஆலையாகவே ஓடியது, இப்போது அருங்காட்சியகம். அங்கே முதன்முதலாகப் பொருத்தப்பட்ட கார்களின் காலத்தில் மானி பொய் சொன்னால் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கதை சிக்கலானது அழுத்தம் மின்சாரமாக மாறிய பிறகு. 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானை அழுத்தினால் அதன் மின்தடை பெரிதாக மாறுவதைக் கண்டு எழுதினார். இன்றைய அழுத்த சென்சார்களில் பெரும்பாலானவை அந்தக் கண்டுபிடிப்பின் பேரப்பிள்ளைகள். 1967-இல் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்குத் தந்த டி-ஜெட்ரானிக் முறை, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே பெட்ரோலை அளந்தது. அந்த 'டி', அழுத்தத்தைக் குறிக்கும் 'ட்ருக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதற்குமுன் சென்சார் கெட்டால் மானிதான் பிழையாகக் காட்டும்; வண்டி ஓடும். அதற்குப் பிறகு சென்சார் கெட்டால் வண்டியே தடுமாறும். பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர் அதிகாரத்தில் அமர்ந்துவிட்டார்.

இடையில் வேடிக்கையான ஓர் அத்தியாயமும் உண்டு. ஆயில் மானியின் முள் சூட்டுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறி இறங்குவது இயல்பு. அதைக் கண்டு வாடிக்கையாளர்கள் பதறினார்கள். 1990-களின் நடுவில் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் அழகான மானியை அப்படியே வைத்துவிட்டு அதன் பின்னால் வெறும் சுவிட்சை மாட்டினார்கள். குறைந்தபட்ச அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் அசையாமல் நிற்கும். ஓட்டுபவருக்கு நிம்மதி, உண்மைக்கு விடுமுறை.

இன்று பட்டறைகளில் நிலவும் வழிகளுக்கு வருவோம். பரவலானது, மாற்றிப் பார்ப்பது. சென்சாரை மாற்று, போனால் போகட்டும். இதை இளக்காரமாகப் பேசுவது எளிது. அதன் பின்னே ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண ஆயில் சுவிட்சு விலை குறைந்த சாமான். அதைக் கழற்றி மானி மாட்டிச் சோதிக்கும் நேரத்தில் புதியதையே மாட்டிவிடலாம். மேலும், சாமானுக்குக் காசு கேட்டால் கொடுக்கும் வாடிக்கையாளர், யோசித்ததற்குக் காசு கேட்டால் முறைக்கிறார். ஒரு மணி நேரம் செலவழித்து "உங்கள் சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் ஃபோர்மனுக்கு நம்மில் எத்தனை பேர் மனமாரப் பணம் தருவோம்? மாற்றிப் பார்க்கும் பழக்கத்தில் பாதிப் பழி நம்முடையது.

அடுத்தது ஸ்கேன் செய்வது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் செருகியில் கருவியை மாட்டினால் கம்ப்யூட்டர் ஒரு பிழைக் குறியீட்டைக் கொடுக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான ஏற்பாடு இது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் தொடங்கியது. இன்று கைப்பேசியோடு இணையும் மலிவுக் கருவியை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இது பெரிய வரம். ஆனால் அந்தக் குறியீட்டைத் தீர்ப்பாகப் படிப்பவர்களே அதிகம். பி0522 என்று வந்தால் "ஆயில் சென்சார் கெட்டது" என்கிறார்கள். குறியீடு அப்படிச் சொல்லவே இல்லை. ஆயில் அழுத்தச் சுற்றில் வோல்ட் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதுதான் அதன் பொருள். பி0523 என்றால் அதே சுற்றில் வோல்ட் அதிகம். பி0521 என்றால் வரும் அளவு நம்பத்தக்கதாக இல்லை. மேப் சென்சாருக்கு பி0106, பி0107, பி0108. ரெயில் சென்சாருக்கு பி0191, பி0192, பி0193. இவை எல்லாம் புகார் மனுக்கள். எந்தக் கம்பியில் எந்த மாதிரிச் சந்தேகம் என்று மட்டும் எழுதியிருக்கும். சென்சார், கம்பி, செருகி, புவி இணைப்பு, கம்ப்யூட்டர், அல்லது நிஜமாகவே தவறான அழுத்தம் என்று ஆறு பேரில் யாரும் குற்றவாளியாக இருக்கலாம்.

வோல்ட் அதிகம், குறைவு என்று வரும் குறியீடுகளில் கம்பியையே முதலில் சந்தேகிப்பேன். மூன்று கம்பி சென்சார் ஒன்றுக்கு கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு கம்பி புவி இணைப்பு. மூன்றாவது கம்பியில் சென்சார் பதில் அனுப்புகிறது. நலமாக இருக்கும் பதில் பெரும்பாலும் 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையே இருக்கும். இரு ஓரங்களிலும் அரை வோல்ட் இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். கம்பி அறுந்தாலும் ஒட்டிக்கொண்டாலும் பதில் அந்த விளிம்புக்குள் போய்விழும், கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும். சோதனையும் இதிலிருந்தே பிறக்கிறது. செருகியைக் கழற்றினால் ஸ்கேன் கருவியில் தெரியும் அளவு ஒரு கோடிக்குத் தாவ வேண்டும். வாகனத்தின் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து, பதில் கம்பியை ஃபியூஸ் உள்ள கம்பியால் புவி அல்லது 5 வோல்ட் கம்பியில் பொருத்தமானதோடு தொட்டால் மறு கோடிக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் பதில் கம்பியும் கம்ப்யூட்டரும் நிரபராதிகள். நடக்காவிட்டால் எத்தனை சென்சார் வாங்கி மாட்டினாலும் பயனில்லை.

அந்த 5 வோல்ட் பல சென்சார்களுக்குப் பொதுவானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏசி வாயுவின் அழுத்த சென்சார் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் அதே வரிசையில் இருக்கும் மேப் சென்சாரும் ஆயில் சென்சாரும் சேர்ந்து புலம்பும். பி0641 என்ற குறியீடும் துணைக்கு வரலாம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் எல்லோருக்கும் மருந்து கொடுப்பது போல மூன்றையும் மாற்றிய கதைகள் உண்டு. வழி எளிது: 5 வோல்ட் கம்பியில் மீட்டரை வைத்துவிட்டு, செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள்.

நம் ஊரின் ஈரமும் இதில் ஒரு கட்சிக்காரர். சிங்கப்பூரின் சராசரி ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். காற்றின் சராசரி ஈரப்பதமும் 80 விழுக்காட்டுக்கு மேல். செருகியின் ரப்பர் வளையம் இற்றுப்போனால் செம்பு முனைகளில் களிம்பு ஏறும். எளிதில் கண்ணில் படாத அந்தப் பச்சை, புவி இணைப்பில் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்கைத் தின்றுவிடும். சென்சார் நேர்மையாக 0.5 என்று சொன்னது கம்ப்யூட்டரிடம் 0.8 ஆகப் போய்ச்சேரும். இன்ஜின் ஓடும்போது புவிக்கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இன்னொன்று, ஆயில் சென்சார் உள்ளேயே கசிந்தால் ஆயில் திரி ஏறுவதுபோலக் கம்பிக்குள்ளேயே ஏறிப் பயணம் போகும். செருகியைக் கழற்றியதும் உள்ளே ஆயில் மினுங்கினால் வேறு சாட்சி வேண்டாம். அந்த சென்சாரை மாற்றத்தான் வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கில் காடு பக்கத்திலேயே இருப்பதால் எலி கடித்த கம்பியையும் தேடிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

கம்பி நலம் என்று தெரிந்த பிறகுதான் சென்சாரின் நேர்மையைச் சோதிக்க முடியும். இங்கேதான் பலரும் கருவியைத் தேடி ஓடுகிறார்கள். என் கருத்து வேறு. இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு சென்சாருக்கும் நாளில் ஒரு பொழுது இருக்கிறது. அப்போது உண்மை என்னவென்று செலவில்லாமல் நமக்கே தெரியும். அது இன்ஜின் நின்றிருக்கும் பொழுது.

ஆயிலை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் நின்றால் பம்ப் சுற்றாது. சிறிது நேரத்தில் அழுத்தம் சுழி. அளவு காட்டும் சென்சார் அப்போதும் ஒரு பார் என்று சொன்னால் அது பொய்யர். சுவிட்சு வகையில், சாவியை ஆனில் வைத்ததும் கெண்டி விளக்கு எரிந்தே தீர வேண்டும். இன்ஜின் பிடித்ததும் ஓரிரு நொடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்கைக் கண்டு பலர் மகிழ்கிறார்கள். ஓயாமல் எரியும் விளக்கைவிட எரியவே எரியாத விளக்கு ஆபத்தானது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்று நொடிச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

மேப் சென்சார் விஷயத்தில் இன்ஜின் நின்றிருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளியே இருக்கும் அதே காற்று. ஆகவே சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் அது சொல்லும் எண்ணும் வானிலை நிலையம் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்குவதுபோலக் காற்றழுத்தமும் நம் வெப்பமண்டலத்தில் சிறு அளவில் ஏறி இறங்கும். அதுவும் அரை கிலோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். உயரம்? 'புக்கிட் பாஞ்சாங்' என்றால் மலாயில் நீண்ட குன்று. பெயரில் குன்று இருந்தாலும் இந்தத் தீவின் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். அதன் உச்சியில்கூட 2 கிலோபாஸ்கல்தான் குறையும். ஆக, சிங்கப்பூரில் எந்தக் கார்நிறுத்துமிடத்திலும் நின்ற இன்ஜினின் மேப் 92 என்று காட்டினால் காரணம் தேடி மலையேற வேண்டாம். இதே கார் மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போனால் 82 என்று காட்டுவதும், ஊட்டியில் 78 என்று காட்டுவதும் சரியே. வானம் இலவசமாகத் தரும் அளவுகோல் இது. இதைப் பயன்படுத்தும் பட்டறைகள் குறைவு.

இன்ஜின் பிடித்து ஐட்லிங்கில் நிற்கும்போது, டர்போ இல்லாத நல்ல பெட்ரோல் இன்ஜினில் மேப் 25 முதல் 40 வரை இறங்க வேண்டும். 60-இல் நின்றால் உடனே சென்சாரைக் கழற்றாதீர்கள். வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும், டைமிங் பிசகினாலும் அப்படித்தான் காட்டும். நின்றபோது 101 சரியாகச் சொன்ன சென்சார் ஓடும்போது 60 என்று சொன்னால், முதலில் அதை நம்பிவிட்டு இன்ஜினைப் பாருங்கள். கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பை சென்சாரில் மாட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். டீசல், நேரடிப் பீய்ச்சு இன்ஜின்களில் சென்சாரின் மூக்கில் கரி அடைத்து அது மந்தமாவதும் உண்டு. சுத்தம் செய்தாலே பிழைக்கும்.

ரெயில் சென்சாரைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் இன்ஜினைக் கிளப்பும் முன் ரெயில் அழுத்தம் ஏறத்தாழ வடிந்திருக்கும்; அப்போது பெரிய எண் காட்டினால் சென்சார்மீது சந்தேகம் வலுக்கும். பி0087 வந்தால் ஃபில்டரும் பம்ப்பும் முதலில், சென்சார் பிறகு. இன்ஜின் ஓடி நின்ற சூட்டில் ரெயில் குழாயின் நட்டைத் தளர்த்துவது உயிரோடு விளையாட்டு. அந்த அழுத்தத்தில் பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போகும். வீட்டில் செய்யக்கூடிய வேலை அன்று.

நின்ற இன்ஜின் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சுழியில் உண்மை பேசும் சென்சார் 3 பாரில் பொய் பேசலாம். ஆயில் விஷயத்தில் அதற்கு மருந்து ஒன்றே: சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பூர்தோன் வகை மானியைத் திருகி, இன்ஜினைச் சூடாக்கி அளப்பது. துளையின் திருகுமரை காருக்குக் கார் மாறும். ஜப்பானியக் கார்களில் எட்டில் ஒரு அங்குலக் குழாய்மரை சகஜம். ஐரோப்பியக் கார்களில் 10 மில்லிமீட்டர் மரை. பொதுவாக, சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஒரு பாருக்குக் கொஞ்சம் முன்பின். 2,000 சுற்றில் 2 பார், அதற்கு மேல். சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் பல புதிய இன்ஜின்களில் ஆயில் பம்ப் இரண்டு நிலைகளில் இயங்கும். பெட்ரோல் மிச்சப்படுத்த, குறைந்த வேகத்தில் அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கும். பழைய கணக்கில் பார்க்கும் ஃபோர்மன் அதைத் தேய்ந்த பேரிங் என்று நினைத்துவிடுவார்.

சூடு முக்கியம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டி. அழுத்தம் நன்றாகவே இருக்கும். கோளாறு தலைகாட்டும் இடம் உட்லண்ட்ஸ் கடற்பால நெரிசல்தான். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வேகமாக வந்து, மலேசியாவின் ஜோகூருக்குள் நுழைய ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் நகரும்போது ஆயில் தண்ணீராக இளகியிருக்கும், விளக்கு மினுக்கும். கடற்பாலத்தில் மட்டும் மினுக்கும் விளக்கைப் பட்டறையில் குளிர்ந்த இன்ஜினில் சோதித்து "சென்சார்தான்" என்று முடிவு கட்டுவது பகலில் போய் ஆந்தை இல்லை என்று சொல்வது போல. கடற்பாலத்தைப் பேசும்போது இன்னொரு மானி நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூர்க் கார்கள் குறைந்தது முக்கால் தொட்டி பெட்ரோலோடுதான் எல்லையைக் கடக்க வேண்டும்; 1991 முதல் விதி. அங்கே மலிவாக நிரப்ப ஆசைப்பட்டு எரிபொருள் மானியையே திருத்திப் பொய் சொல்ல வைத்தவர்கள் உண்டு. அது தனிக் குற்றம். மானி தானாகப் பொய் சொல்வது ஒரு வகை, சொல்ல வைக்கப்படுவது இன்னொரு வகை.

ஒரே மானியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வானத்திலிருந்து ஓர் உதாரணம். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் கடும் பனியில் ஏர் ஃப்ளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 புறப்பட்டது. இன்ஜினின் முன்பக்க அழுத்தத்தை உணரும் துளையைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதத்தைக் காட்டும் மானி 2.04 என்றது, உண்மையில் இருந்தது 1.70 அளவே. உந்துவிசை போதாமல் விமானம் பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேர் உட்பட 78 பேர் மாண்டார்கள். இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மானிகள் அதே பலகையில் இருந்தன. அவை குறைவாகவே காட்டின. துணை விமானி சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லியும் ஓட்டம் நிறுத்தப்படவில்லை. காரில் பணயம் இதைவிடச் சிறியது. தவறின் வடிவம் ஒன்றே.

சிங்கப்பூரில் இந்தப் பிரச்சினைக்குப் பணக்கணக்கு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் காரின் ஆயுள் பத்தாண்டுகள்; நீட்டிக்கப் பணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. ஏழெட்டு வயதுக் காரில் கெண்டி விளக்கு எரிந்து, "பேரிங் போச்சு, இன்ஜின் திறக்கணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் உரிமையாளர் காரையே முன்கூட்டி ஒழித்துவிட நினைக்கிறார். களிம்பு பிடித்த செருகிக்காக அப்படி ஒரு முடிவு எடுப்பது மடமை. அதற்கு எதிரான மடமையும் உண்டு: "சென்சார்தான், ஓட்டுங்க" என்ற ஆறுதலை நம்பி நிஜமாகவே ஆயில் ஓடாத இன்ஜினைச் சிக்க வைப்பது. இரண்டில் இரண்டாவதே பெருஞ்செலவு. கட்டாய வாகனச் சோதனை காப்பாற்றும் என்று எண்ணவும் வேண்டாம். மூன்று வயதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை, பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனையில் பிரேக்கும் புகையும் பார்ப்பார்கள். ஆயில் அழுத்தத்தை அளப்பதில்லை.

சட்டம் ஓரளவு நம் பக்கம். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்டத்தின்கீழ், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்ட வேண்டியவர் விற்றவர். பழைய கார்களுக்கும் இது பொருந்தும். 2017-இல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, வெளிப் பட்டறைக்குப் போனாலே உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையைக் கார் விற்பனையாளர்கள் கைவிட்டார்கள். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். ஆனால் அங்கே போய் நிற்கக் கையில் சான்று வேண்டும். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். பிழைக் குறியீட்டையும் மானி காட்டிய எண்ணையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் எழுதித் தரத் தயங்குபவர் அளக்கவில்லை என்று பொருள்.

2025 முதல் புதிய டீசல் கார்கள் இங்கே பதிவாவதில்லை. 2030-இலிருந்து பதிவாகும் புதிய கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓட வேண்டும். மின்கார்களில் கெண்டி விளக்கு கிடையாது. ஆனால் அந்த வரிசையில் வரும் ஹைபிரிட் கார்களில் பெட்ரோல் இன்ஜின் இருக்கும்வரை ஆயிலும் அழுத்தமும் இருக்கும். ஆகவே இந்தக் கேள்விக்கு இன்னும் பல ஆண்டு ஆயுள் உண்டு.

என் தீர்ப்பு இது. முதலில் டிப்ஸ்டிக். பிறகு செருகி, கம்பி. பிறகு நின்ற இன்ஜினில் சென்சார் சொல்வது. பிறகு சூடான இன்ஜினில் மானி. இந்த நான்கும் முடியாமல், உள்ளே ஆயில் கசிந்தாலன்றி, சென்சாரை மாற்ற யாருக்கும் அனுமதி தராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தாலோ, இந்த வரிசை எதுவும் அப்போது பொருந்தாது. சென்சாரா இன்ஜினா என்று யோசிக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். விரைவுச்சாலையில் அப்படி நின்றுபோன காரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி, விரைவுச்சாலைக்கு வெளியே குறிக்கப்பட்ட அருகிலுள்ள கார்நிறுத்துமிடம் வரை இழுத்துப்போய் விடும். அதற்குக் கட்டணம் இல்லை.